பாகற்காய்ப் பெட்டி

லண்டனில், குரோய்டன் ட்ராமில் நின்றபடியே யாக்கோப்பு புரட்சி செய்வதென்று முடிவெடுத்தார். வயது ஐம்பத்தாறு. கொலஸ்ரோல் கூடிவிட்டதென்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து மனைவி பெனிற்றா வீட்டில் பன்றிக் கறியை நிறுத்தியிருந்தாள். ஒரு மனிதனுக்கு நாக்குக்கூடச் சொந்தமில்லையென்றால் வேறென்னதான் மிச்சம்?

ஆயுதம் பைக்குள் இருந்தது. கூட வேலை செய்யும் உக்ரேன்காரன் மிகோலா கொடுத்தது. பெயர் சாலோ. பன்றிக் கொழுப்பை உப்பும் உள்ளியும் மிளகும் தடவிப் பதப்படுத்திய வெள்ளைக் கட்டி. "எங்கள் குடியானவர்கள் இதைத் தின்றுதான் பனியில் விறகு வெட்டினார்கள். நாக்கில் வைத்தால் கரையும்" என்றிருந்தான். யாக்கோப்பு விறகு வெட்டுவதில்லை. ஆனாலும் பனி இங்கேயும் பெய்யத்தானே செய்கிறது?

வீட்டு ஃப்ரீஸரில் பதினொரு ஐஸ்கிறீம் பெட்டிகள். ஒன்றிலும் ஐஸ்கிறீம் கிடையாது. சுறா, இறால், முருங்கையிலை, தேங்காய்ப்பூ. பன்னிரண்டாவது பெட்டியில் சாலோவை வைத்து மூடி, 'பாகற்காய்' என்று எழுதி ஒட்டினார். தன் மூளையை நினைக்க அவருக்கே கொஞ்சம் பயமாயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பெனிற்றா கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போனதும், ஒரு துண்டு சீவிக் கறுப்புப் பாணில் வைத்துக் கடித்தார். கரையவில்லை. ஈரப் பஞ்சை மென்றது போலிருந்தது. பிழை எங்கே? மிளகாய்த்தூளில் ஊறிய தன் நாக்கில்தான். மனம் தளராமல் மென்றார். நாலாவது சனி ஒரு நுட்பமான ருசி தட்டுப்பட்டது. ஏழாவது சனி கண் கலங்கியது. வெட்ட வெட்டக் கட்டி குறையவேயில்லை. யேசு பெருக்கிய ஐந்து அப்பமும் இரண்டு மீனும் நினைவுக்கு வந்தன. பாவி எனக்கா இந்த அற்புதம் என்று உருகினார்.

மூன்று மாதத்தில் இரத்தப் பரிசோதனை. கொலஸ்ரோல் நன்றாக இறங்கியிருந்தது. யாக்கோப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிக்குள் நுழைந்தார்.

"இஞ்சாரும், ஏன் இறங்கினதெண்டு தெரியுமோ?"

"சொல்லுங்கோவன்."

"பன்றிக் கொழுப்பு! ஒவ்வொரு சனியும் நீர் பாட்டுக்குப் போக, ஒளிச்சு ஒளிச்சுத் திண்டனான். இனி இந்த வீட்டில பன்றிக் கறி காய்ச்சலாம்!"

"அவ்வளவு ருசியோ?"

"சாகுமட்டும் அதையே திண்டுகொண்டிருக்க என்னால ஏலும்."

"சத்தியமா?"

"மாதா அறிய!"

"அப்ப நல்லதாப் போச்சு." பெனிற்றா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "டூட்டிங் கடையில ஆறு பக்கற் வாங்கி வந்தனான்."

ஆறிலும் 'டோஃபு' என்றிருந்தது.

"அப்ப நான் திண்டது...?"

"சோயாக் கட்டி. உப்பும் உள்ளியும் நான்தான் தடவினனான். குறையக் குறைய வைச்சதும் நான்தான்."

"எப்பிடியப்பா பிடிச்சனீர்?"

"பாகற்காயைக் கண்டா மேசையை விட்டு எழும்புற மனுசன், முப்பது வருசத்தில முதல்தரமா ஒரு பெட்டியில பேர் எழுதி ஒட்டியிருக்கு. திறந்து பாக்காமல் விட நானென்ன விசரியோ?"

யாக்கோப்பு ஃப்ரீஸர் பக்கம் திரும்பினார். "அந்தச் சாலோ இப்ப எங்க?"

"பாட்டுக்கு வாற நாங்கள் ஏழு பேரும் அந்தக் கிழமையே முடிச்சிட்டம்" என்றாள் பெனிற்றா. "நாக்கில வைச்ச உடனை கரைஞ்சு போச்சுதப்பா."