கன்னத்தில் விழுந்த ஐந்து விரல்

பாட்டிலில் இருப்பது ஆபத்தா இல்லையா என்று தெரிந்துகொள்ள என்னிடம் இருந்த ஒரே கருவி மூக்கு. நெடியடித்தால் விஷம், இல்லாவிட்டால் தண்ணீர். ஆங்கில லேபிளை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். (எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், லாட்ஜ் ரூம்பாய் என்று சுற்றி, செகந்திராபாத் பிளாட்பாரத்தில் படுத்து எழுந்தவன். ஊசிப்போன சாம்பாரைக் காட்டிக்கொடுத்து என்னைக் காப்பாற்றியது மூக்குதான்.)

எழுபதுகளில் ஹைதராபாத்தில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் வேலை நிரந்தரமானது. உடனே மல்காஜ்கிரியில் ஒரு ரயில்வே குமாஸ்தா, பெண் பார்க்க வரச் சொன்னார். கிளம்பும் அவசரத்தில் கழுவ எடுத்த பழுப்பு பாட்டிலில் மிச்சமிருந்தது கையெல்லாம் வழிந்தது.

"அவசரம் கைக்குப்பா? ரேக்குல ஆபத்துப் புஸ்தகம் இருக்கு, இரு, படிச்சுச் சொல்றேன்" என்றார் ஸ்டோர் கீப்பர் தர்மராஜ் அண்ணன். (ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.)

முகர்ந்தேன். "வாசனையே இல்லண்ணே. பச்சத் தண்ணி."

மணியைப் பார்த்தேன். "ஐயோ, டிரெயின்!" என்று ஈரக் கையால் கன்னத்தில் அறைந்துகொண்டு ஓடினேன்.

நல்ல வெயில். வழியில் உள்ளங்கை கறுத்திருந்தது. ரயில் கரி என்று விட்டுவிட்டேன்.

பெண் வீட்டில் கேசரி வந்தது. "லேபுல என்ன வேலை தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

"எந்தக் கெமிக்கல் ஆபத்துன்னு பாத்த உடனே சொல்லிடுவேன் சார்."

அவர் என் கன்னத்தையே பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. வர்ற வழியில யாராச்சும் அறைஞ்சுட்டாங்களா?"

சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன! கொல்லைக்கு ஓடிச் சோப்பு போட்டுத் தேய்த்தேன். பெண்ணின் அம்மா புளி தந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். கறுப்பு அப்படியே இருந்தது; சுற்றிலும் சிவந்து, அறை இன்னும் புதிதாகத் தெரிந்தது.

அப்பா என் ஜாதகத்தை மடித்து நீட்டினார். ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு முதல்முறையாக ஒரு வீடு அமையவிருந்தது. அது கன்னத்தோடு போயிற்று.

அப்போது பெண்ணே கொல்லைக்கு வந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் லேப் அசிஸ்டெண்ட். "தேய்க்காதீங்க! அது சில்வர் நைட்ரேட். வெளிச்சம் பட்டா கறுக்கும். தேய்ச்சா தோல்தான் போகும். கொஞ்ச நாள்ல தானா உதிர்ந்துடும்ப்பா." தன் விரலை நீட்டினாள். நுனியில் அதே கறுப்பு, சின்னதாக.

பிறகு என்னிடம், "நல்லவேளை, கண்ணுல படல. லேபிள்ல எழுதியிருக்குமே, படிக்கலையா?"

"மோந்து பாத்தேங்க."

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் உள்ளே ஓடினாள். அப்பா ஜாதகத்தைத் திரும்பத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு லேபிள் வாசிக்க அவளே கற்றுக்கொடுத்தாள். பின்னாளில் ஆபத்துப் புஸ்தகத்தை மற்றவர்களுக்கு நானே படித்துச் சொன்னேன். ஆனால் வீட்டில் அந்த மரியாதை கிடையாது. மழை வரும் என்று சொன்னால்கூட, இங்கேயே வளர்ந்து, அப்பாவைத் தெலுங்கில் 'நான்னா' என்று கூப்பிடும் என் மகன் கேட்கிறான்:

"நான்னா, இது புக்குல இருக்கா, மூக்குல இருக்கா?"