காளை வழக்கில் நான் சொன்ன தீர்ப்பு

சந்தேகப்படுவதற்கென்று ஒரு பரிசு வைத்திருந்தால், அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவில் அதை நான்தான் தட்டிக்கொண்டு போயிருப்பேன். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பேன்; சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்பேன். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் வேறு. கதர் கட்டினாலே பின்னால் போலீஸ் ஆள் வரும் காலம் அது.

அஸ்தம்பட்டியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு நாடக சபா நடத்திவந்தோம். (சபா என்றால் இரண்டு பெஞ்சு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, நிறையச் சண்டை.) அந்த வருஷம் ‘காளை வழக்கு’ போடுவதென்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை, நிஜமாகவே நடந்தது. புதுச்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர்மேல் ஓர் இன்ஸ்பெக்டர் காளையைத் திருடியதாகப் பொய் வழக்கு ஜோடிக்கிறார். கோர்ட்டில் காளையை அவிழ்த்துவிட்டதும் அது நேரே கூண்டுக்குப் போய் விவசாயியின் கையை நக்குகிறது. மாஜிஸ்ட்ரேட் அவரை விடுதலை செய்து இன்ஸ்பெக்டரைக் கண்டிக்கிறார்.

கிராமங்களில் இதை ஆடும்போது காளை நக்கியதுமே ஜனங்கள் ஆரவாரம் செய்துகொண்டு எழுந்துவிடுவார்கள். தீர்ப்பை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் சபாவிலோ ஒரு வக்கீல் மெனக்கெட்டுக் கோர்ட்டு நகலைப் பார்த்து முழுத் தீர்ப்பையும் தமிழில் எழுதிக்கொடுத்திருந்தார். நகரெங்கும் அதைச் சொல்லித்தான் விளம்பரம் செய்தோம். அந்த மாஜிஸ்ட்ரேட் வேஷம் எனக்கு.

ஒத்திகை தொடங்கிய சில நாட்களில் ஓர் ஆள் வர ஆரம்பித்தார். ஒட்ட வெட்டிய தலை, தடித்த மீசை, கையில் குடை. வாசலோரம் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் என்னையே பார்ப்பார். காப்பி கொடுத்தால் வேண்டாம் என்பார். என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு சோலியாக என்று மட்டும் பதில் வந்தது. ஒருநாள் என்னைத் தனியே நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஏனுங்க, அந்தத் தீர்ப்பை ஒண்ணுவிடாம அப்படியே சொல்லிப்போடுவீங்களா?”

ரகசியப் போலீஸ்! போலீஸைக் கண்டிக்கும் தீர்ப்பைச் சர்க்கார் குமாஸ்தா வாயால் சொன்னால் வேலை என்ன ஆகும்? வீட்டில் சொன்னேன். என் மனைவி, அந்த ஆளின் செருப்பில் ஒட்டியிருந்தது காட்டுச் செம்மண், போலீஸ்காரர் அப்படி வரமாட்டார் என்றாள். அதுதான் மாறுவேஷம் என்று அவளுக்கு விளக்கினேன்.

நாடகத்தன்று மாலை திரையை விலக்கிப் பார்த்தேன். அந்த ஆள் முதல் வரிசையில் இருந்தார். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர். மேலதிகாரியையே கூட்டிவந்துவிட்டார் என்று தீர்மானித்தேன்.

காளை வந்தது. விவசாயி வேஷத்தில் கூண்டில் நின்றவர் பனமரத்துப்பட்டி பழனியப்பன். அவர் உள்ளங்கையில் தடவியிருந்த வெல்லத்தை நன்றாகவே நக்கியது. கூட்டம் ஆர்ப்பரித்து அடங்கியது. நான் எழுந்தேன். நாக்கு தானாகவே திரும்பிக்கொண்டது.

“நம் போலீஸார் இரவு பகல் பாராமல் காளைகளைக் காத்து வருகிறார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களின் திறமையைக் கோர்ட்டு மெச்சுகிறது. எதிரியாகிய இந்த விவசாயிக்கு ஆறு மாதக் கடுங்காவல்.”

இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். (சந்தர்ப்பத்தை விடாதவர்.) பழனியப்பன் வாயைப் பிளந்தார்.

“ஏனுங்க, ஒத்திகையில என்னை உட்டுப்போட்டீங்களே?”

காளை இன்னும் அவர் கையை விடவில்லை. சிரிப்பு ஒரு பக்கம், கூச்சல் ஒரு பக்கம். அப்போது முதல் வரிசைக் கிழவர் மெதுவாக எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார்.

“சாமி, நானு அப்பீலு போடோணுமுங்க.”

மீசைக்காரரும் எழுந்தார்.

“அந்த எதிரி எங்கய்யனுங்க. அன்னிக்கு மாஜிஸ்ட்ரேட் துரை இங்கிலீசுல தீர்ப்புச் சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. டவாலிச் சேவகர் வந்து, நீ போலாம்னு மட்டும் சொன்னாராமுங்க. என்ன சொல்லி உட்டாங்கன்னு இவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நீங்க தமிழ்ல முழுசாச் சொல்றீங்கன்னுதான் வண்டி கட்டிக் கூட்டியாந்தனுங்க.”

பூமி பிளக்கும் என்று பார்த்தேன், பிளக்கவில்லை. பொய்த் தாடி ஒரு பக்கம் தொங்க, அப்பீல் ஏற்கப்பட்டது என்று அறிவித்துவிட்டு, வக்கீல் எழுதிய தீர்ப்பை முதலிலிருந்து சொன்னேன். வழக்கு பொய் என்றேன். ஜோடித்தவர் வெட்கப்பட வேண்டும் என்றேன். வேலை போகிற பயம் பாதி, கிழவரைப் பார்த்த பயம் பாதி. அவர் காதில் கையைக் குவித்து, நின்றபடியே கேட்டார்.

“எதிரி நாணயமான மனிதர் என்று இந்தக் கோர்ட்டு கருதுகிறது” என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

“அதை மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க, சாமி.”

சொன்னேன். தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் கை தட்டியவர், பந்தோபஸ்துக்கு வந்து தூணில் சாய்ந்திருந்த கான்ஸ்டபிள்.

வேலை போகவில்லை. சபாவில் மட்டும் எனக்கு அதன்பின் வசனமே இல்லாத வேஷங்கள்தான் கிடைத்தன. வீட்டு நிலவரம் இன்னும் மோசம். நான் எதற்காவது முடியாது என்று சொன்னால், என் மனைவி தொடங்கிப் பேரன் வரை எல்லோரும் கைக்குக் கிடைத்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “அப்பீலுங்க, சாமி” என்று எதிரே வந்து நிற்கிறார்கள். இதுவரை ஓர் அப்பீலையும் என்னால் தள்ளுபடி செய்ய முடியவில்லை.