முதலாளி வெட்டிவைத்த மூன்று துண்டுப் பாக்கு

இறந்துபோய் ஆறு வருஷமான ஒரு பெரிய மனிதர் தம் கையால் வெட்டிவைத்த பாக்கை நான் மென்று விழுங்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள், ஒரு வாத்தியாரின் பெண்சாதி, அப்போது கைக்குழந்தைக்காரி வேறு. இதை எழுதும்போதும் நாக்கு வறண்டுபோகிறது.

நாங்கள் இருந்தது கல்லடியில். பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டினத்தில், வாவியைப் பார்த்தபடி நின்றது முதலாளி வீடு. நெல்லும் கொப்பறாவும் வள்ளத்தில் ஏற்றி இறக்கிச் செல்வம் சேர்த்தவர் அவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மகள் தங்கம்மா அக்காவுக்குச் சீதனம். தகப்பன் போனபிறகு அக்கா பக்கத்து வளவில் சின்னதாய் ஒரு வீடு கட்டிக்கொண்டு, பெரிய வீட்டை அவர் விட்டுப்போன மாதிரியே வைத்து, ஊர்ச்சனம் பார்த்துப்போக ஒரு நூதனசாலை ஆக்கிவிட்டார். திறப்பு விழாவுக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது.

என் கணவர் படிப்பித்தது அந்தக் குடும்பத்தின் பள்ளிக்கூடத்தில். அங்கே தலைமை வாத்தியார் இடம் காலியாகக் கிடந்தது. அதை யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்பவர் அக்காதான். ஆகவே அன்றைக்கு நான் எப்படி நடக்கிறேன், எப்படிச் சிரிக்கிறேன் என்பதெல்லாம் பெரிய காரியம். (மூன்று சேலை மாற்றினேன். முதலில் கட்டியதையே திரும்பக் கட்டிக்கொண்டு போனேன்.)

புறப்படும்போது மாமி சொன்னார்: "அங்க வட்டா வெச்சிருந்தா கைநீட்டாம வந்திராத புள்ள. போன மாசம் ஒருத்தி பழக்கமில்ல எண்டு சொன்னவள். எங்கட வெத்திலை அவக்குக் கசக்குதாம் எண்டு இண்டைக்கும் கதைக்கிறாங்க."

வட்டா என்பது கால் வைத்த பித்தளை வெற்றிலைத் தட்டு. எங்கள் பக்கம் வட்டா வைத்து அழைத்தால்தான் அழைப்பு. வைத்த வட்டாவில் ஒன்றும் எடுக்காமல் எழும்பி வந்தால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். எனக்கோ வெற்றிலை வாசமே ஆகாது.

மண்டபத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது குழந்தை அழத் தொடங்கியது. பால் கொடுக்க ஒதுக்கமான இடம் தேடி உள்ளறைக்குப் போனேன். ஒரு பெரிய சாய்மனைக் கதிரை. அதன் பக்கத்தில் ஒரு வட்டா. தண்ணீர் தெளித்த பச்சை வெற்றிலை, சுண்ணாம்பு, சன்னமாய் வெட்டிய மூன்று துண்டுப் பாக்கு.

குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை அந்த வட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்கு அறை விருந்தாளிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எடுக்காமல் போனால் மரியாதைக் குறைவு. ஒரு துண்டு எடுத்தால் ஒப்புக்கு எடுத்தது போலிருக்கும். இரண்டு எடுத்து ஒன்றை விட்டால், மிச்சம் வைத்தாள் என்பார்கள். மூன்றையும் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். பாக்கு கல் மாதிரி இருந்தது. பணக்காரர் வீட்டுப் பாக்கு இப்படித்தான் இருக்குமாக்கும் என்று கடித்தேன்.

(வட்டாவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன அட்டை நின்றது. திருப்பி வாசித்திருக்கலாம். வாசிக்கத் தெரியும்.)

அப்போது அக்கா விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் என் கணவர்.

"இது அப்பா கண்ணை மூடின அண்டு விடிய, இந்தக் கதிரையில இருந்து வெட்டின பாக்கு. வெத்திலை நான் நாளாந்தம் மாத்துவன். பாக்கை மட்டும் நான்கூடத் தொட்டதில்ல" என்று அக்கா வட்டாவைக் காட்டினார்.

காட்டிய விரல் அப்படியே நின்றது.

துப்பலாமென்றால் காலடியில் பளபளவென்று முதலாளியின் படிக்கம். அதிலே மட்டும் அட்டை என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது: தொட வேண்டாம்.

அக்கா காவல்காரரைக் கூப்பிட்டார். "காவலுக்கு நிண்டு என்ன செய்த நீங்க?"

"நான் வாசலை விட்டு அசையல்ல அம்மா" என்று அந்த மனிதர் கும்பிட்டார்.

"இந்த அறைக்குள்ள ஆரு வந்த?"

என் கணவர் முன்னால் வந்தார். என்னைக் காப்பாற்றுகிறாராம். "இவ மட்டுந்தான் இருந்திருக்கா அக்கா. ஆனா இவ வெத்திலை வாயில வெக்கமாட்டா. மணமே ஆகாது. வேணுமெண்டா கேட்டுப்பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காவல்காரரும் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபிறகு பேசாமலிருக்க முடியவில்லை. இருந்ததை விழுங்கிவிட்டு, "நான்தான்" என்றேன். சொல்லும்போதே சிவப்பாய் ஒரு கோடு நாடியில் வழிந்து சேலையில் விழுந்தது.

"மூண்டுமா?" என்றார் அக்கா.

"மூண்டும்."

"ஒண்டையாவது விட்டிருக்கலாமே புள்ள."

"மிச்சம் வெச்சா நீங்க குறையா நினைப்பீங்க எண்டு..."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஆறு வருஷமாய் யாரும் உட்காராத அந்தக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாக்கு கொழுத்தி, மயக்கம் ஏறித் தலை சுற்றியது. குழந்தையை மட்டும் விழவிடாமல் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினேன். தலைமை வாத்தியார் வேலை அந்தத் தரையிலேயே போனது.

பிறகு அக்கா சொன்னார்: "இஞ்ச பார் புள்ள. அப்பாட வட்டாவில எடுத்த ஆக்கள் அவர்ட சொல்லை மறுத்ததில்ல. நீயும் எடுத்திட்டாய்."

"ஓம் அக்கா."

"வெள்ளிக்கிழமையில வா. வாற சனத்துக்கு இந்த அறையைக் காட்டு. பாக்கு எங்க எண்டு கேட்டா, நீயே உன்ட வாயால சொல்லு."

தலைமை வாத்தியார் இடம் அந்த முறை வேறொருவருக்குப் போனது. "பெண்சாதிக்கு ஒரு அட்டை வாசிக்கப் பழக்காதவர் பள்ளிக்கூடத்தை என்ன நடத்தப்போறார்?" என்றாராம் அக்கா. இரண்டு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெறும் வட்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். முதலாளியின் கடைசிப் பாக்கை நான் தின்ற கதையை முன்பின் தெரியாத சனத்துக்கெல்லாம் சொன்னேன். கூட்டம் கூடியது. மற்ற அறைகளைப் பார்க்காமலே போனவர்களும் உண்டு. மூன்றாம் வருஷம் அந்த இடம் மறுபடி காலியானபோது அக்கா என் கணவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும் இன்னும் விடுதலையில்லை.

இப்போது கல்யாண வீட்டில் யாராவது வட்டாவை நீட்டினால், என் கணவர் எனக்கு முன்னால் கையை மறித்து வீட்டுக்காரரிடம் மிகப் பணிவாகக் கேட்பார்: "இது திங்கிறதுக்கு வெச்சதுதானே?"

வீட்டுக்காரர் ஓம் என்று தலையாட்டும்வரை மூன்று பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு வெற்றிலை மட்டும் எடுத்துக்கொள்வேன்.