உன் அம்மா ஆறு வீடுகளில் இறந்துவிட்டாள்

பெறுநர்:
இறப்புக் கணக்கீட்டுப் பிரிவு,
மூன்றாவது மாடி, ஜன்னலோர மேசை.
அதாவது, என் மகள்.

மதிப்பிற்குரிய பாப்பா அவர்களுக்கு,

உன் தகப்பன் எழுதுவது. இங்கு நான் நலம். முழங்கால் தனியாகத் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைச் சேர்க்கவில்லை. அங்கு நீ நலம் என்பதை உன் கைபேசிச் செய்தியில் வந்த மஞ்சள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ, "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், சுருக்கமா சொல்லுங்க" என்பாய். சுருக்கம் இதுதான்: பெருந்தொற்றில் உண்மையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று உங்கள் அலுவலகம் எடுக்கும் கணக்கை நான் கெடுத்துவிட்டேன். முதலில் இரண்டாயிரம் பேரை உயிர்ப்பித்தேன். பிறகு பன்னிரண்டாயிரம் பேரைக் கொன்றேன். நடுவில் ஒரு வேளை சாப்பிட்டேன்.

இனி விரிவாக.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் கதவைத் தட்டினாள். உன் வயதுதான் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட், வெயிலில் சிவந்த மூக்கு. உங்கள் ஆள் என்று தெரிந்ததும் தண்ணீர் கொடுத்தேன். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்து, சிபாரிசு மாதிரி ஆகிவிடுமே என்று மூடிக்கொண்டேன். வீட்டில் எத்தனை பேர், கூரை எதனால் ஆனது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் கேட்டாள். நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம், தண்ணீரைப் பற்றிக் கேட்ட அதே குரலில், "தொற்றுக் காலத்துல இந்த வீட்டுல யாராவது இறந்தாங்களா சார்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

சொன்னது நானில்லை. பட்டறை சொன்னது.

நீ பட்டறைக்குள் வந்ததில்லை, அதனால் எழுதுகிறேன். வைரம் பட்டை தீட்டும்போது சில சமயம் கல் சக்கரத்திலேயே உடைந்துபோகும். உடைந்தது என்று ஒருவன் வாயைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரனுக்குக் கை நடுங்கும். அவன் கல்லும் போகும். ஆகவே மேஸ்திரி நடந்துகொண்டே, "ஏதாவது போச்சா?" என்று கேட்டால், கையில் தூளை வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரங்கள் எல்லாம் நின்ற பிறகு மேஸ்திரியிடம் போய்ச் சில்லுகளைக் கொடுத்து உண்மையைச் சொல்லலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். வேலைக்காலம் முழுக்க இப்படிப் பழகிய நாக்கு. கேள்வி வந்ததும் அதுவாகவே போய் நின்றுகொண்டது.

அவள் அடுத்த கேள்வியை எடுக்குமுன் நான் முந்திக்கொண்டேன். மேசை மேல் கிடந்த கறுப்பு வைரச் சில்லைக் காட்டி, இது என்ன தெரியுமா என்றேன். பாவம், தெரியாது என்றாள். பிறகு நான் நிறுத்தவில்லை. சாதாரண வைரத்துக்கு ஒரு வாகு உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் கல் இசைந்து கொடுக்கும். கறுப்பு வைரத்துக்குள் பொடிப்பொடியாகக் கணக்கில்லாத படிகங்கள், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் பார்க்கும். சக்கரம் தேயும், கல் தேயாது. அபூர்வமாகச் சில ஆற்றுச் சரளையில்தான் கிடைக்கும், எப்படி உண்டானது என்று படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். வெள்ளைக் கல்லைச் சுட்டுக் கறுப்பாக்கி ஏமாற்றுவார்கள், பின்னால் டார்ச் அடித்தால் அதன் ஓரத்தில் பழுப்பாக வெளிச்சம் கசியும், அசலில் ஒன்றும் வராது. டீ ஆறியது. அவள் மரியாதையாக ஏதோ தட்டிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. போன மாதம் நீ தொலைபேசியில் விளக்கினாயே, எல்லா வீட்டையும் கேட்க முடியாது, கேட்கிற ஒவ்வொரு வீடும் சுமார் இரண்டாயிரம் வீட்டுக்குச் சமம் என்று. என் ஒரு சொல்லில் இரண்டாயிரம் பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாயிரம் அடுப்படிகளில் யாரோ ஒருத்தி மறுபடி பாத்திரத்தை உருட்டுகிறாள். நம் அடுப்படியில் மட்டும் சத்தம் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இரண்டும் இடது கால் செருப்பு என்பது தெருமுனையில்தான் தெரிந்தது. அந்தப் பெண், "அனுப்பிட்டேனே சார். அனுப்பினா என்னால திறக்க முடியாது" என்றாள். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. மேல்மாடிக்கு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த 'மேல்மாடி'யில்தான் எனக்குப் புத்தி கெட்டது. நம் வீட்டில் விட்டது மேல்மாடியில் சேர்ந்தால் மொத்தம் சரியாகிவிடும் அல்லவா? மாடிக்கு ஏறினேன். பஸ் ஓட்டுகிறாரே, அவர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நாளைக்கு ஒரு பொண்ணு வரும். இந்த வீட்டுல ஒருத்தர் இறந்தாங்கன்னு சொல்லணும்."

"சார், நான் ஒண்டிக்கட்டை. நானும் இன்னும் இருக்கேன்."

"அக்கான்னு சொல்லுங்க. அவளை அப்படித்தானே கூப்பிட்டீங்க?"

அவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். துடைத்தார். "சொல்றேன் சார். என் வண்டியிலதானே போனாங்க."

இதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை, பாப்பா. அன்று ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. ஊரடங்கில் சாலையெல்லாம் அடைத்து, நீ அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாய். அவர் டெப்போவுக்குப் போய் யாரிடமும் கேட்காமல் பஸ்ஸை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினார். அவ்வளவு பெரிய வண்டியில் அம்மா மட்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டாள். முதல் ஆஸ்பத்திரியில் இடமில்லை. இரண்டாவதில் வாசலையே பூட்டியிருந்தார்கள். மூன்றாவதுக்குத் திரும்பும் வளைவில் அவர் வண்டியை மெதுவாக்கினார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி. ஒரு வீடு. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டிரைவர் தூங்கிப்போய்விட்டால்? ஒரு மாற்று ஏற்பாட்டுக்காக எதிர்வீட்டு டீச்சரம்மாவிடமும் சொல்லிவைத்தேன். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாதவர். முகத்தைச் சுளித்தார்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"வேண்டாம் டீச்சர். விடுங்க."

"இருங்க, போகாதீங்க. இதுல பொய் எங்க இருக்கு? மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பார்த்தப்ப என் பவரை அவதான் கண்டுபிடிச்சா. டாக்டர் தப்பா எழுதினதைக் கூடத் திருத்தினா. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் நான் பிள்ளைங்க முகத்தையே பார்த்ததில்ல. அவ என் வீட்டு ஆள் இல்லைன்னு எவன் சொல்றது?"

தையல்காரரிடம் நான் சொல்லவேயில்லை. அவருக்கு டீச்சர் சொன்னார். தையல்காரர் இன்னும் மூன்று வீட்டுக்குச் சொன்னார். உங்கள் அலுவலகப் பெண் மறுநாள் வீடுவீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்மணி, அதே வயது, அதே மாதம். சாயந்திரம் போகும்போது அவள் நம் வாசலில் நின்று, "ரொம்பப் பாவம் சார் உங்க தெரு. உங்க வீடு மட்டும் தப்பிச்சுதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாயிரம்.

எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். ஒருத்தர் போதும், மற்றவர்கள் வாபஸ் வாங்குங்கள் என்றேன். அப்போது நடந்த சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"நான் ஏன் வாங்கணும்? கடைசியா என் வண்டியில இருந்தாங்க" என்றார் டிரைவர்.

"கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போனா ஆச்சா? நாங்க முப்பது வருஷப் பழக்கம்" என்றார் டீச்சர்.

"பழக்கம் யாருக்குத்தான் இல்ல? அவங்க அளவு என்கிட்டதான் இருக்கு" என்றார் தையல்காரர். "தோள் ஒண்ணு கொஞ்சம் இறக்கம். உங்க யாருக்காவது தெரியுமா? சாருக்கே தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். இடதா வலதா என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடமிருந்த டீத்தூள்தான் தீர்ந்தது.

ஆகவே என் விண்ணப்பம்: அந்த ஆறையும் நீக்கி, நம் வீட்டில் ஒன்றைச் சேர்க்கவும். விதி இடம் கொடுக்காவிட்டால் உன் மேலதிகாரியிடம் நான் பேசத் தயார். கறுப்பு வைரம் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இன்னொன்று. இது விண்ணப்பம் இல்லை. உன் வேலையை எனக்கு நீ விளக்கினபோது சொன்னாய்: "சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்குன்னு பார்க்கறதில்லப்பா. வழக்கமா எத்தனை பேர் போவாங்க, அந்த வருஷம் எத்தனை பேர் போனாங்க. கழிச்சா மிச்சம். அந்த மிச்சம்தான் தொற்று கொண்டுபோனது." எனக்கு நன்றாகப் புரிந்தது. நாங்களும் வர வேண்டிய வெளிச்சம் வராததை வைத்துத்தான் கறுப்புக் கல்லை அசல் என்கிறோம். ஆனால் அந்த வழக்கமான தொகைக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'எதிர்பார்த்த இறப்புகள்' என்றாய். அந்தப் பெயர்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அம்மாவுக்குத் தொற்று இல்லை என்று சோதனையில் வந்தது. சர்டிபிகேட்டில் இதயம் நின்றது என்று எழுதினார்கள். எல்லோருக்கும் கடைசியில் அதுதானே நிற்கிறது? அப்படியானால் அவள் எந்தப் பக்கம்? மிச்சத்திலா, எதிர்பார்த்ததிலா? எந்தப் பாவி எதிர்பார்த்தான்? காலையில் பேப்பர்காரனோடு சண்டை போட்டாள் அவள்.

பதில் எழுது. மஞ்சள் முகம் அனுப்பாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. உன் எண்கள் யார் உலுக்கினாலும் அசையாமல் நிற்கட்டும். அவற்றைக் கூட்டுகிற நீ மட்டும் அவ்வப்போது உட்கார்.

உன் நலம் ஒன்றையே நினைக்கும்,
கணக்கைக் கெடுத்த அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது, அதற்குள் நீயே வந்துவிட்டாய். இப்போது உள்ளறையில் தூங்குகிறாய். உன் பையில் இதை வைக்கிறேன், ரயிலில் படி. வீட்டின் பெயர் முகவரி எதையும் உங்கள் திரை காட்டாதாமே. 'இறப்பு இல்லை, கறுப்பு வைரம் குறித்து நீண்ட விளக்கம்' என்று அந்தப் பெண் குறிப்பு எழுதாமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நீயும் அவளும் ஆறு வீட்டுக்கும் போனீர்கள். நீ கேட்டதும் எல்லோரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் உன்னை உட்காரவைத்து, அம்மாவின் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான். காலையில் போனவள் சாயந்திரம்தான் நம் வாசலுக்கு வந்தாய். "சொந்த வீட்டுல நான் கேக்கக் கூடாதுப்பா, விதி" என்று வாசல் கதவுக்கு வெளியே தெருவிலேயே நின்றுகொண்டாய். அந்தப் பெண் மட்டும் உள்ளே வந்து, முதலிலிருந்து கேட்டாள். கூரை. தண்ணீர். பிறகு அது.

"ஒருத்தர். என் மனைவி" என்றேன். தெரு வரைக்கும் கேட்கும்படி, உரக்க.

வயது கேட்டாள், சொன்னேன். எதனால் என்று கேட்டாள். சர்டிபிகேட்டை எடுக்கப் போன கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"பெட் கிடைக்கல."

டேப்லட்டில் மேலும் கீழும் தேடினாள். அப்படி ஒரு பதில் அதில் இல்லை போலிருக்கிறது. தெருவிலிருந்து, விதியை மீறி, நீ குரல் கொடுத்தாய்: "'மற்றவை'ய தொட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதும்மா."

எழுதினாள். மூன்று சொல்கூட இல்லை. அவள் அனுப்பி முடிக்கும்வரை நீயும் அசையவில்லை, நானும் அசையவில்லை.