தெருவே அடக்கிக்கொண்ட காலை

கழிவறையைப் பார்த்தே அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லக்கூடியவர் ஜோகூர் மாநிலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். எங்கள் பக்கத்து வீட்டு மஜ்லிஸ் அக்கா.

செனாய் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வரிசை வீடுகளில் அவருடையது கடைசி. பள்ளத்தில் இருந்தது. தெருவின் கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டால் மொத்தத் தெருவின் சமாசாரமும் அவர் வீட்டுக்குள்தான் பொங்கி வரும். மஜ்லிஸ் என்று நாங்கள் சொல்லும் நகராண்மைக் கழகத்துக்கு ஓயாமல் போன் போட்டதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பொங்கிய மறுநாள் ரப்பர் பூட்ஸோடு வாசல் வாசலாக வருவார். "யாருலா மிச்ச மீ கோரேங் நூடுல்ஸ கொட்டுனது? அவ்ளோ இறால். நல்ல வசதியாத்தான் இருக்கீங்க போல."

மஜ்லிஸைக் கேட்டால், அது குழாய் நிறுவனத்தின் பொறுப்பு என்பார்கள். நிறுவனத்தைக் கேட்டால், சாலை மஜ்லிஸுடையது என்பார்கள். ஒருநாள் அக்கா என் போனையும் வாங்கி, இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் அழைத்து, இரண்டு போனையும் மேசையில் எதிரெதிரே வைத்தார்.

"நீங்களே பேசி முடிவு பண்ணுங்க லா. நான் சோறாக்கணும்."

சமையலறைக்குப் போய்விட்டார். இரண்டு போன்களும் கொஞ்ச நேரம் ஒன்றுக்கொன்று ஹலோ சொல்லிவிட்டு அடங்கின.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்த வீட்டு உள்ளறையில் அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். கழிவுநீர் கட்டிலுக்கு அடியில் வந்தாலும் அவரால் நகர முடியாது. அக்கா குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே, "கீழ பாக்காதீங்க, மேல பாருங்க" என்று அவரிடம் சொல்வது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

பெருமழைக் காலத்தில் அக்காவின் கணவர் இறந்துபோனார். உடல் கூடத்தில் கிடந்தது. காலையில் கழிவறை குமிழ்விடத் தொடங்கியது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"அவர எடுக்கிற வரைக்கும் யாரும் டாய்லெட்ல தண்ணி ஊத்தாதீங்க. இதுலயே கெடந்தாரு. போறப்பவாச்சும் சுத்தமா போகட்டும்."

ஒருவரும் ஊற்றவில்லை. எங்கள் வரிசைச் சீனத்து அங்கிள் தன் வேனில் தெருக்காரர்களைப் பெட்ரோல் நிலையக் கழிவறைக்கு ஏற்றி இறக்கினார். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா தன் கழிவறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். துக்கம் விசாரிக்க வந்த கோயில் தலைவர் வியர்த்த முகத்தோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். என் மனைவி வேனைக் காட்டினாள். சடங்கு முடிந்து உடலைத் தூக்கும்வரை கூடத்தில் ஒரு சொட்டு ஏறவில்லை.

சில மாதம் கழித்துச் சாலையைத் தோண்டி, நொறுங்கிக் கிடந்த குழாயை மாற்றினார்கள். யாருடைய பொறுப்பு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வேலையைப் பார்க்க வந்த தமிழ் அதிகாரி, "இனிமே வராதுக்கா" என்றார்.

"அவரு இருந்தப்பவே செஞ்சிருக்கலாம் தம்பி" என்று மட்டும் சொல்லி, அவருக்குத் தேநீர் ஊற்றினார் அக்கா.

அப்புறம் ஆயர் ஈத்தாம் ஊரிலிருக்கும் மகளோடு போய்விட்டார். மகள் மாட்டிய வாடகைப் பலகை வாசல் கேட்டில் தொங்குகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் என்னிடம், "கழிவறைப் பிரச்சினை ஏதும் இருக்கா?" என்று விசாரிக்கிறார்கள்.

ரொம்ப மோசம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அக்கா திரும்பி வந்தால் வீடு வேண்டுமே.