டாக்டருக்குக் கடுங்காய்ச்சல்

ரயில் இரண்டாவது சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்தபோதுதான் பல் டாக்டர் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். நான்கு வரிசை தள்ளி, ஜன்னலோரம். இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. ஆளை மறந்தாலும் வாயை மறக்கமாட்டார் அவர்.

"குனி, குனி" என்றார் மனைவியிடம்.

"கடல் தெரியுதுங்க! இப்பப் போய்க் குனியச் சொல்றீங்களே?"

"தலைமை ஆசிரியர் உட்கார்ந்திருக்கார்."

மனைவியும் சட்டென்று குனிந்தாள். அந்தப் பள்ளியில் மகளுக்கு ஓர் இடம் கேட்டு இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறார்கள். திங்கட்கிழமை நேர்காணல். நடத்தப்போவது அந்தக் கன்னத்துக்குச் சொந்தக்காரர்.

"அவரைப் பார்த்து நீங்க ஏன் ஒளியணும்?"

டாக்டர் உண்மையைக் கக்கினார். தலைமை ஆசிரியருடைய கடைவாய்ப் பல்லை இன்று காலை ஒன்பது மணிக்குப் பிடுங்குவதாக ஏற்பாடு. இடுக்கியை எடுத்துக் காட்டி, "இன்னும் தள்ளிப்போட்டா தாடையே போயிடும்" என்று மிரட்டி வரச் சொன்னதும் டாக்டர்தான். இன்று கல்யாண நாள் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மலைச்சரிவில் ஐந்து ஊர், கீழே கடல், பாதி நடை, பாதி ரயில் என்று மனைவிக்குப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பயணம். க்ளினிக் கதவில் 'டாக்டருக்குக் கடுங்காய்ச்சல்' என்று அட்டையை மாட்டிவிட்டு, போனையும் அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

"அட்டையைப் பார்த்துட்டு, வலியை மறக்க இங்க வந்திருக்கார் பாவம். என்னைப் பார்த்தார்னா பாப்பாவோட சீட்டு போச்சு."

அடுத்த நிலையத்திலேயே இறங்கி, அடுத்த ஊருக்கு நடந்தார்கள். பாதை முழுக்கப் படிகள். மனைவி முந்நூறு வரை எண்ணினாள். பிறகு கணவரைத் திட்ட மூச்சு வேண்டுமே என்று நிறுத்திவிட்டாள்.

மேலே போய்ச் சேர்ந்தால், கடலைப் பார்த்த பெஞ்சில் வீங்கிய கன்னம் உட்கார்ந்திருந்தது. டாக்டரைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து ஒரு சந்துக்குள் மறைந்தது.

"பார்த்தியா? என் முகத்துல முழிக்கவே பிடிக்கலை."

"நேரா போய் மன்னிப்புக் கேட்டுடுங்களேன்."

"அதுக்குக் காய்ச்சல்காரன் மாதிரி இருக்கணுமே!"

மனைவியின் சால்வையை வாங்கிக் காது வரை போர்த்திக்கொண்டார். உச்சி வெயில். மூன்றாவது ஊருக்குள் நுழையும்போது சட்டை பிழியலாம் போலிருந்தது; காய்ச்சல் வேஷம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ரொட்டிக் கடை வாசலில் தலைமை ஆசிரியர் நின்றிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்!"

அவர் திரும்பினார். பேயறைந்தாற்போல் விழித்தார். அடுத்த நொடி ரொட்டியைப் போட்டுவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினார். அந்த உடம்பில் அப்படி ஓர் ஓட்டத்தை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. சால்வை பறக்க டாக்டரும் பின்னாலேயே ஓடினார். படகுத்துறை வரை துரத்தியும் பிடிக்க முடியவில்லை.

"இவ்வளவு கோபமா மனுஷனுக்கு!" என்று ரயில் நிலையத்துக்கு வந்து மூச்சிரைத்தார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினோரு வருஷம் காத்திருந்து, நான் பார்த்ததெல்லாம் உங்க முதுகும் படிக்கட்டும்தான். பாப்பா சீட்டும் போச்சு."

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. மிச்ச இரண்டு ஊரும் வேண்டாம், வீட்டுக்கே போய்விடலாம் என்று வந்த ரயிலில் ஏறினார்கள். ஏறி நிமிர்ந்தால், பெட்டியின் நடுவிலிருந்து அதே கன்னம் இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. டாக்டர் பாய்ந்து கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டார். எதிர்க் கழிவறையிலும் தாழ் விழும் சத்தம் கேட்டது.

இரண்டு நிலையங்கள் போனபிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். டிக்கெட் பரிசோதகர்.

"நீங்க பல் டாக்டரா, சார்?"

டாக்டர் மெல்லக் கதவைத் திறந்தார். "ஆமா. எதிர்ல இருக்கிறவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரா?"

"சொன்னார். பல் பிடுங்கப் பயந்து, காலையில உங்க க்ளினிக் பக்கமே வராம ரயிலேறிட்டாராம். நீங்களானா ஊர் ஊரா விடாம துரத்தறீங்களாம். 'அவர் பொண்ணுக்கு இப்பவே சீட்டு எழுதித் தந்துடறேன், என் பல்லை மட்டும் விட்டுடச் சொல்லுங்க'ன்னு உள்ளேயிருந்தே கெஞ்சறார்!"