சேவியர் அண்ணனுக்கு நாற்காலி போட்ட கிறிஸ்துமஸ்

நடந்தால் நல்லது என்கிறார்கள். நான் ஒரே ஒரு நாள் காலையில் நடந்தேன். ஒருவர் மயங்கி விழுந்தார், உயிரோடு இருந்தவருக்கு இழவு கூடிவிட்டது.

இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு லோரி ஓட்ட வந்தவன் நான். கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வீடு. உட்கார்ந்தே இருந்ததில் இனிப்புநீர் வந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. கிளினிக்கில் தாதி முறைத்தார்.

“அங்கிள், கிறிஸ்துமஸ்னா வீடு வீடாப் போய்ச் சாப்பிடுவீங்க. இந்த வருஷம் நடந்து போங்க. சும்மா உக்காந்திருக்கிற நாலு பேரையும் சேத்துக்குங்க. இல்லேன்னா ஜனவரியில ஊசிதான்.”

ஊசி! (கொசு கடித்தாலே டெங்கியோ என்று மூன்று நாள் தூங்காதவன் நான்.)

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை ஆள் சேர்க்கக் கிளம்பினேன். வெயிலுக்கு வெள்ளைச் சட்டை, வியர்வைக்குத் தோளில் துண்டு. முதல் வீடு ஸ்டெல்லா அக்கா. அவர் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் இருந்தார்.

எங்கள் தோட்டத்தில் கடைக்குப் போகக்கூட மோட்டார்தான். கைப்பேசி வந்த பிறகும் சாவுச் சேதியை மட்டும் ஆள் தோளில் துண்டோடு நடந்து வந்துதான் சொல்ல வேண்டும். வந்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது, பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அன்றைக்கு மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

“என்ன தம்பி, நடந்து வர்றே? மோட்டார் எங்கே?”

“வேணாம்க்கா. எல்லா வீட்டுக்கும் நடந்தே போய்ச் சொல்லிடலாம்னு...”

அக்காவின் முகம் வெளுத்தது. “உள்ள வா லா. கேக் சாப்பிடு.”

“உள்ள வரக் கூடாதுக்கா. ஒண்ணும் சாப்பிடவும் கூடாது.” (உள்ளே போனால் கேக், கேக் என்றால் ஊசி.)

“தண்ணியாச்சும்...?”

“வேணாம்க்கா. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் எல்லாரும் கூடிடுங்க.”

“ஐயோ, என்னங்க!” என்று அலறி, அக்கா அப்படியே சாய்ந்துவிட்டார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். என் துண்டைப் பார்த்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள். ‘அடடா, சேவியர் அண்ணன் போய்விட்டாரா!’ என்று நானும் சேர்ந்து அழுதேன். (அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போனது.) பத்தே நிமிடத்தில் வாசலில் நீல நாற்காலிகள் வந்துவிட்டன. ஜெராம் பட்டணத்தில் பூமாலைக்குச் சொல்ல ஒருவர் கிளம்பியே விட்டார்.

அப்போது அக்காவின் கைப்பேசி அடித்தது. எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. நான் எடுத்தேன்.

“ஸ்டெல்லா, வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. லுங்கி எடுத்துட்டு வா.”

சேவியர் அண்ணன் குரல்! கைப்பேசியை வீசிவிட்டு ஓடினேன். பள்ளி விளையாட்டுப் போட்டியில்கூட அப்படி ஓடியதில்லை.

இதய டாக்டர் அண்ணனையும் நடக்கச் சொல்லியிருந்தாராம். தாதி கேட்டது நாலு பேர். எனக்குக் கிடைத்தது செத்துப் பிழைத்த ஒருவர். ஜனவரியிலிருந்து மாலை தவறாமல் இருவரும் நடக்கிறோம். ஊசி இதுவரை இல்லை.

ஆனால் இன்றும் நான் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிறார்கள். அதைக் குடித்து முடித்தால்தான் என்னை வாய் திறக்க விடுகிறார்கள்.